யூரோப்பியமும் ஒரு காக்கிச் சட்டையும்

ஜூன் 3, செவ்வாய்

இன்றைக்கு வேலையில் சேர்ந்தேன். உத்தியோகத்தில் இருக்கும்போதே ஆள் செத்துப்போனால், வீட்டில் ஒருத்தருக்கு அங்கேயே ஒரு வேலை கொடுப்பது வழக்கம். அப்படி என் வீட்டுக்காரர் வேதமணி போன இடத்துக்கு இந்தச் சொர்ணபாய் வந்தாயிற்று.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன், அந்த ஆராய்ச்சி நிலையத்தில் உமக்கு அப்படி என்னதான் வேலை என்று. "காத்தைப் பிடிச்சு வெளிய அனுப்புத வேலை" என்பார். குசும்பு என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடுவேன். இன்றைக்குப் போய்ப் பார்த்தால் மனுசன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். அறை நடுவில் ஒரு பெரிய எஃகுப் பானை. அதற்குள்ளே இருக்கிற காற்றை எல்லாம் ஒரு பம்பு உறிஞ்சி உறிஞ்சி வெளியே தள்ளுகிறது. அந்தப் பம்புக்கு எண்ணெய் மாற்றுவதும், கண்ணாடிச் சாமான் கழுவுவதும், தரை துடைப்பதும் என் வேலை.

அறையில் இரண்டு பேர். நீலகண்டன் சார் பெரியவர், கும்பகோணத்துக்காரர். நாம் வணக்கம் சொன்னால் சுவரைப் பார்த்து வணக்கம் சொல்வார். இன்னொருத்தி ஜெபிஷா, குளச்சல் பக்கத்துப் பிள்ளை, டாக்டர் பட்டத்துக்கு அவரிடம் படிக்கிறாள். "வேதமணி அண்ணன் எனக்கு ரொம்ப உதவி அக்கா" என்று ஆரம்பித்தாள். நான் துடைப்பம் எங்கே என்று கேட்டேன்.

அவருடைய லாக்கர் சாவியைக் கொடுத்தார்கள். ஒரு சீப்பு, நீலகிரித் தைலக் குப்பி, ஆணியில் ஒரு காக்கிச் சட்டை. துவைக்காத சட்டை.

இதைக் கொஞ்சம் விளக்கமாக எழுத வேண்டும். அவர் தங்கச்சி புஷ்பலீலா, அடக்கம் முடிந்த மறுநாளே வீட்டுக்குள் புகுந்து, "வச்சிருந்தா உமக்கு மனசு கெடும் மைனி" என்று சொல்லி, வேட்டி சட்டை தலையணை உறை எல்லாவற்றையும் சோப்புப் போட்டு அடித்துத் துவைத்து அநாதை இல்லத்துக்குக் கொடுத்துவிட்டாள். துவைக்கும்போது அழுதாள். அதனால் தடுக்க முடியவில்லை.

இந்த ஒன்று தப்பித்திருக்கிறது. மோந்து பார்த்தேன். அவர்தான்.

பாலித்தீன் கவரில் போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தேன். வரும் வழியில் சாளை வாங்கினேன். அந்த மீன்காரிக்கு ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று போடத் தெரியாது. எப்போது பார்த்தாலும் இரண்டு பேருக்குப் போட்டுவிடுகிறாள்.

ஜூன் 5, வியாழன்

சாரல். வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் பம்பு ஓடுகிறது. வீட்டில் அவர் ஏன் அப்படிக் கத்திப் பேசினார் என்று இப்போதுதான் தெரிகிறது. அவர் வம்சமே செவிடு என்று என் அம்மா வீட்டில் சொல்லி வைத்திருந்தேன்.

ஜூன் 9, திங்கள்

எஃகுப் பானைக்குள் என்னதான் நடக்கிறது என்று ஜெபிஷாவிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. சோறு ஆறிப்போகும்வரை சொன்னாள்.

"அதுக்குள்ள காத்தே கிடையாது அக்கா. ஒரு உலோகத் துண்டை வச்சு, லேசர் வெளிச்சத்தால ஒரே அடி. அடிபட்டதும் ஒத்த அணு தெறிச்சு வரும். வாற வழியில ஒரு எலெக்ட்ரானைத் தொலச்சிரும். அப்படித் தொலச்சதுக்குப் பேருதான் அயனி."

"துணையைத் தொலச்சிட்டு ஒத்தையில வாறதா?"

"ஆமா, அப்படியே வச்சுக்கிடுங்க. பொறவு கொஞ்சூண்டு காஸ் உள்ள விடுவோம். பூட்டேன், புரொப்பேன். நம்ம அடுப்புல எரியுத சாதிதான். அயனியும் காஸும் முட்டிக்கிட்டா என்ன ஆவுதுன்னு எடை போட்டுப் பாக்கதுதான் என் படிப்பு."

"அடுப்பு காஸை எடை போடவா மக்ளே டாக்டர் பட்டம் தாறாங்க?"

அவளுக்கு ரோசம் வந்துவிட்டது. இந்த உலோகம் எல்லாம் அருமண் சாதி, இங்கிலீஷில் ரேர் எர்த், என்று சொன்னாள். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் செம்மண்ணும் கருமண்ணுமாகக் கிடக்கிறதே, அதற்குள் இருக்கிற குடும்பமாம். குடும்பத்தில் பதினைந்து பேர் போல. எல்லாரும் ஒரே முகச்சாயல், ஆனால் குணம் வேறு வேறு. அதுதான் விசயமே.

"லாந்தனம்னு ஒண்ணு. எலெக்ட்ரானைத் தொலச்ச பொறவு அதுக்கு வெறி பிடிச்சிரும் அக்கா. பக்கத்துல வாற காஸைப் பிடிச்சு, ரெண்டு ஹைட்ரஜனைப் பிடுங்கித் தூர எறிஞ்சிட்டு, மிச்சத்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு வரும். யூரோப்பியம்னு இன்னொண்ணு இருக்கு. அதுவும் ஒண்ணைத் தொலச்சதுதான். ஆனா காஸ் வந்து இடிச்சாலும் திரும்பிப் பாக்காது. உள்ள ஏழு இருக்கை, ஏழு எலெக்ட்ரான், ஆளுக்கொண்ணா அமைதியா உக்காந்திருக்கும். எழும்பி வர அதுக்கு மனசு இல்ல."

அடக்கம் ஒடுக்கமான பிள்ளை. புஷ்பலீலா கண்டால் தலையில் தூக்கி வைத்து ஆடுவாள். சபையில் இருக்கிற பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்து, ஒத்தையாய்ப் போனவள் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது இந்த யூரோப்பியத்தைத்தான். எனக்கு லாந்தனத்தைப் பிடித்திருந்தது. எழுந்து போய்க் குழாயடியில் தண்ணீர் பிடிக்க முந்தின ஆளை இடித்துத் தள்ளிவிட்டு வந்தேன்.

ஜூன் 12, வியாழன்

சட்டையில் வாசம் குறைகிறது. சாரல் நாளில் துணிக்குப் பூஞ்சை வாசம் ஏறிவிடும். கவரை அவிழ்க்கும்போதெல்லாம் கொஞ்சம் போய்விடுகிறது, அவிழ்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஜெபிஷாவிடம் பொதுவாகத்தான் கேட்டேன், வாசம் போகாமல் ஒரு சாமானை எப்படி வைப்பது என்று. கருவாடு என்று நினைத்துக்கொண்டாள். அலமாரியில் இருக்கிற பழுப்புக் கண்ணாடிப் பானையைக் காட்டினாள். மூடியின் விளிம்பில் பசை தடவியிருக்கும். நடுவில் ஓட்டை ஓட்டையாய் ஒரு பீங்கான் தட்டு. தட்டுக்கு மேலே யூரோப்பியத் துண்டு, கீழே ஈரம் குடிக்கிற நீலக் குருணை. யூரோப்பியத்துக்குக் காற்று பட்டால் ஆகாதாம், பொடிந்து போய்விடுமாம். நாலு பேர் முன்னால் மட்டும்தான் அது அடக்கம் போல.

"இதுக்குள்ள உள்ளது வெளிய போவாது, வெளிய உள்ளது உள்ள போவாது அக்கா. ஆனா கருவாடு வச்சிராதீங்க."

வைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

ஜூன் 13, வெள்ளி

கருவாடு வைக்கவில்லை.

ஜெபிஷா சாப்பிடப் போனபோது பீங்கான் தட்டைத் தூக்கி, நீலக் குருணையை ஒரு காலிக் காப்பித்தூள் பாட்டிலில் கொட்டினேன். சட்டையைச் சின்னதாக மடித்து அடியில் வைத்து, மேலே வடிகட்டித் தாளை வெட்டி மூடினேன். சட்டைப் பையில் ஒரு பிடி குருணை போட்டுவிட்டேன். யூரோப்பியத்துக்கும் வஞ்சகம் செய்யக் கூடாது. தட்டை வைத்து, துண்டை வைத்து, மூடியைத் தேய்த்து ஒட்டினேன்.

ஆக, அவர் பழைய இடத்துக்கே வேலைக்குப் போய்விட்டார்.

ஜூன் 16, திங்கள்

பம்புக்கு எண்ணெய் மாற்றினேன். பழைய எண்ணெய் கருப்பட்டிப் பாகு மாதிரி இருந்தது.

ஜூன் 19, வியாழன்

தரை துடைத்துக்கொண்டிருந்தேன். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெபிஷா கத்தினாள்.

"அக்கா! யூரோப்பியம் யாரையோ கட்டிப்பிடிச்சிட்டு வந்து நிக்கி!"

போய்ப் பார்த்தேன். எடை போட்டது எல்லாம் திரையில் குச்சி குச்சியாக நிற்கும்; யூரோப்பியம் எப்போதும் இரட்டைக் குச்சி. எடை கூடினது ஒன்று, குறைந்தது ஒன்று, பிறவியிலேயே ரெட்டை. அந்த இரட்டைக்கு வலப்பக்கம், தள்ளி, இன்னொரு இரட்டை. சின்னது, ஆனால் இருக்கிறது.

"யாரை மக்ளே?"

"தெரியலையே. நாம விட்டது வெறும் பூட்டேன். இது அதைவிடக் கனத்த ஆளு."

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதைத் துடைப்பத்தோடு சேர்த்து மூலையில் சாத்திவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

நீலகண்டன் சார் இன்றைக்கு என் முகத்தைப் பார்த்து வணக்கம் சொன்னார். நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிவந்து எல்லாருக்கும் கொடுத்தார்.

"உலகத்துல எத்தனை பேர் பார்த்திருக்கான், ஜெபிஷா? யூரோப்பியம் சும்மா இருக்கும், சும்மா இருக்கும்னு எல்லாரும் எழுதி வச்சிருக்கான். நம்ம பானையில மட்டும் அது சும்மா இருக்கல!"

"சார், வெளியருந்து ஏதும் அழுக்கு வந்திருக்குமோன்னு..."

"அழுக்கா? நம்ம அறையிலயா? சொர்ணபாய் எவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்க பாரு."

நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

இனிமேல் அந்தத் துண்டை வேறு யாரும் தொடக் கூடாது என்று கண்ணாடிப் பானையை அலமாரியில் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் சட்டைப் பையில் சாவி. சாவிக்குள் பானை. பானைக்குள் இன்னொரு சட்டை. வீடு வரும்வரை சிரித்தேன். பஸ்ஸில் ஒருத்தி தள்ளி உட்கார்ந்தாள்.

ஜூன் 23, திங்கள்

அந்த இரட்டைக் குச்சி நாளுக்கு நாள் வளர்கிறது. மூடி திறக்காமல் கிடக்கிற நேரமெல்லாம் வாசம் உள்ளே கூடும் அல்லவா. துண்டை எடுப்பதும் வைப்பதும் இப்போது சார் கையால்தான். சார் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரிக்கிறார்.

உயிரோடு இருந்த காலத்தில் வேதமணி வேறொருத்தியைத் திரும்பிப் பார்த்ததாக ஒரு பேச்சு இல்லை. செத்த பிறகு பாருங்கள். வெள்ளி நிறம், நல்ல குடும்பம், அடக்கமான பிள்ளை. அதுவும் என் கண் முன்னாலேயே, நானே கொண்டுபோய் விட்டிருக்கிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

சிரிப்பு போயிற்று.

கட்டுரையை வெளிநாட்டுப் பத்திரிகைக்கு வெள்ளிக்கிழமை அனுப்பப் போகிறார்களாம். அதே நாளில் யூரோப்பியத் துண்டைப் பெங்களூரில் ஒரு பெரிய ஆய்வகத்துக்கும் அனுப்பி, அங்கேயும் சோதித்துப் பார்க்கச் சொல்லப் போகிறாராம் சார். "பானையோட அப்படியே போகட்டும். யாரும் திறக்க வேண்டாம். பஞ்சு சுத்தி மரப்பெட்டியில வச்சு ஆணி அடிச்சிடலாம்."

மரப்பெட்டி, பஞ்சு, ஆணி. ஒருதடவை பார்த்தது போதாதா எனக்கு.

வள்ளியூர் தாண்டி ஒரு இரவு தங்காத மனுசன். அங்கே எவனாவது திறந்து, எடுத்து மோந்து பார்த்து, சீ என்று குப்பையில் போடுவான்.

"சார், பானைக்குள்ள கரப்பான்பாச்சா கெடக்குது" என்றேன்.

"காத்தே புக முடியாத பானைக்குள்ள பாச்சா எப்படிம்மா போகும்?"

"அதைத்தான் சார் நானும் யோசிக்கேன். திறந்து பாத்தா தெரிஞ்சிரும்."

டார்ச் அடித்துப் பழுப்புக் கண்ணாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். திறக்கவில்லை. பாச்சாவும் இல்லை. "கண்ணைக் காட்டுங்க, சொர்ணபாய்" என்று அக்கறையாகச் சொன்னார்.

ஜூன் 25, புதன்

கடைசியாக ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஜெபிஷா சாரிடம் சாவி வாங்கினாள். அவர் வகுப்புக்குப் போயிருந்தார். அவள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நான் பக்கத்திலேயே நின்றேன். மூடியை நகர்த்தினாள், துண்டை எடுக்கக் குனிந்தாள், குனிந்தபடியே நின்றுவிட்டாள்.

"அக்கா. வேதமணி அண்ணன் வாசம்லா வருது?"

இந்த உலகத்தில் அந்த வாசத்தைத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணன் பம்புக்குக் குனிஞ்சிட்டு எந்திரிச்சாவன்னா இப்படித்தான் வரும்" என்று சொல்லிக்கொண்டே தட்டைத் தூக்கினாள். தாளை எடுத்தாள். காக்கி தெரிந்தது.

திட்டுவாள் என்று நினைத்தேன். தரையில் உட்கார்ந்து சிரித்தாள். மூக்கில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் மட்டும் நிறுத்திவிட்டாள்.

"அப்போ அந்தக் குச்சி?"

"அவியதான்" என்றேன்.

குச்சியின் எடையை வைத்து விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தாள். "இது தைலத்துலருந்து வருது. இந்தா, பக்கத்துல உள்ள சின்னக் குச்சியெல்லாம் சேத்தா பாதிக்கு மேல வரும், அது முழுக்கப் பம்பு எண்ணெய். எல்லாம் சட்டையிலருந்து கிளம்பி மேல உள்ள துண்டுல போய் ஒட்டியிருக்கு. லேசர் அடிச்சதும் சேந்து வந்திருக்கு. யூரோப்பியம் ஒண்ணும் செய்யல அக்கா. அது எப்பவும் போலத்தான் இருக்கு."

"இரு இரு. பாதிக்கு மேல பம்பு எண்ணெயா?"

"பாதிக்கு மேலதான்."

"அப்போ இத்தனை வருசம் நான் பக்கத்துல படுத்தது பம்போடயா?"

அவள் சிரிக்கவில்லை. துண்டின் மேல்தோலைச் சுரண்டிவிட்டு மறுபடி ஓட்டினாள். புது இரட்டையைக் காணோம். பழைய இரட்டை மட்டும், நல்ல பிள்ளைகளாக.

சார் வந்ததும் காட்டினாள். அவர் முகம் விழுந்தது, பிறகு நிமிர்ந்தது. "நீ சுரண்டினது அழுக்கை இல்ல. வினை நடக்கற மேல்பரப்பையே சுரண்டிட்ட! அழுக்குன்னா அது எங்கேருந்து வந்தது? காட்டு. அதே குச்சியை என் கண்ணு முன்னாடி வரவழைச்சுக் காட்டு. இல்லாட்டி வெள்ளிக்கிழமை கட்டுரை போகுது."

அவள் என்னைப் பார்க்கவில்லை. சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை எப்போது எடுத்து என் பைக்குள் வைத்தாள் என்றும் தெரியவில்லை.

ஜூன் 26, வியாழன்

குழாயடியில் ஜெபிஷாவைப் பிடித்தேன்.

"ஏன் மக்ளே சார்ட்ட சொல்லல?"

"சொன்னா மட்டும் நம்பிருவாரா? சட்டையாவது யூரோப்பியமாவது, குச்சியைக் காட்டும்பாரு. குச்சியைக் காட்டணும்னா..." கண்ணாடிக் குடுவையைத் தேய்த்துக்கொண்டே நின்றாள். "சட்டையை ஒரு பெரிய குடுவையில போட்டு மிஷின்ல மாட்டணும் அக்கா. முதல்ல குடுவைக்குள்ள உள்ள காத்தைப் பம்பு உறிஞ்சணும். காத்தோட வாசமும் போயிரும். கடைசியா துணியில உறைஞ்சு கெடக்கது மட்டும் கொஞ்சம் மிஷினுக்குள்ள வந்து துண்டுல ஒட்டும். அதுவும் தீந்துரும். பொறவு அது வெறும் துணி."

"வேண்டாம்."

"நான் கேக்கவே இல்லையே அக்கா."

கேட்கவில்லைதான். குடுவையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவளே சொன்னாள், "கட்டுரையில முதல் பேரு என்னோடது. பொய்க் குச்சிக்குக் கீழ அச்சாயிரும். இனி எந்த ஊருக்கு வேலை கேட்டுப் போனாலும், யூரோப்பியம் ஜெபிஷா வந்துட்டாடான்னு சிரிப்பானுவ."

கத்தரிக்கோலை எடுத்துச் சட்டையின் கீழ் மடிப்பில் ஒரு விரல் அகலம் வெட்டிக் கொடுத்தேன். வேட்டிக்குள் செருகிக் கிடக்கிற இடம், யாருக்கும் தெரியாது. மாட்டிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. சட்டைப் பையை வெட்டிக் கொடுத்தேன். நீலக் குருணை போட்டிருந்த பை. அதில் ஈரமும் இல்லை, வாசமும் இல்லை, எல்லாவற்றையும் குருணை குடித்திருக்கிறது. இன்னும் எங்கே வெட்ட? காலர் ஒன்றுதான் பாக்கி. காலரில் கத்தரி வைத்தேன். வைத்துவிட்டு எடுத்துவிட்டேன்.

"போதும், விடுங்க அக்கா. நான் சார்ட்ட இன்னொரு தடவை பேசிப் பாக்கேன்."

மத்தியானம் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். பேசிப் பார்த்தாள். அவரும் பேசினார். அவர் பேசினதுதான் அதிகம்.

மீன் வாங்கவில்லை இன்றைக்கு. வாசம் கலந்துவிடக் கூடாது. கஞ்சி வைத்தேன். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் புஷ்பலீலா வந்தாள். கட்டிலில் கிடந்த காக்கி அவள் கண்ணில் பட்டுவிட்டது.

"இது ஒண்ணு தப்பிச்சுட்டா! கொண்டாங்க மைனி, இந்தா முக்கி எடுத்திருதேன்."

"எளா, தொடாத. அது ஆபீஸ் சாமான். மிஷினுக்குள்ள போடணும்."

"அண்ணன் சட்டையையா?"

"உங்க அண்ணனை வச்சு ஆராய்ச்சி நடக்கு. கட்டுரை வெளிநாட்டுக்குப் போவுது. நீ பாட்டுக்கு சோப்புப் போட்டன்னா கவர்மெண்டு கேக்கும்."

வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். பிறகு மெதுவாகக் கிட்ட வந்து, தொடாமல், குனிந்து மோந்து பார்த்தாள். வெகு நேரம் நிமிரவே இல்லை.

"நான் எல்லாத்தையும் துவைச்சிருக்கப்பிடாது, என்ன மைனி?" என்றாள்.

"கஞ்சி குடி" என்றேன். இரண்டு பேருக்குச் சரியாக இருந்தது.

அவள் போன பிறகு நானும் மோந்து பார்த்தேன். நேற்றையைவிடக் குறைவு. எனக்குச் சளி பிடித்திருக்கும்.

ஜூன் 27, வெள்ளி

காலையில் சட்டையை ஜெபிஷா கையில் கொடுத்தேன்.

"முழுசுமா அக்கா?"

"பின்ன, கை தனியா கழுத்து தனியாவா குடுப்பேன்?"

"பம்பைப் போட்டா திரும்ப வராது. நல்லா யோசிச்சுக்கிடுங்க."

"அதை நேத்தே சொல்லிட்டியே. நான் கேக்கது வேற. பம்பு உறிஞ்சுத வாசம் எங்க போவும்?"

"எங்க போவும்னா?"

"உறிஞ்சி உறிஞ்சி எங்க கொண்டு வைக்கும்? உள்ள வயிறா இருக்கு?"

யோசித்தாள். "பின்பக்கச் சுவத்துல ஒரு குழாய் நீட்டிக்கிட்டு இருக்குல்லா, அது வழியா வெளிய போயிரும்."

"நான் சத்தம் குடுத்த பொறவு போடு."

கட்டடத்துக்குப் பின்னால் யாரும் போவதில்லை. சேம்பும் தொட்டாவாடியும் இடுப்பளவு நிற்கிறது. குழாய் என் தலைக்கு மேலே இருந்தது. பழைய பெயிண்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்றேன். சாரல் தூறிக்கொண்டிருந்தது. ஜன்னல் திறந்திருந்ததால் உள்ளே பேசுவது கேட்டது. சார் வந்துவிட்டார். "என்ன குடுவை இது? உள்ள என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"போடு மக்ளே!" என்று கத்தினேன்.

பம்பு இருமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. முதலில் வெறும் சூடுதான் முகத்தில் அடித்தது. பிறகு எண்ணெய். பிறகு தைலம். பிறகு அவர்.

காவல்காரர் செல்லையன் குடையோடு வந்து நின்றார்.

"சொர்ணம், இங்கன என்ன செய்யிதீரு?"

"காத்து வாங்குதேன்."

"அது பம்பு புகைலா! உடம்புக்கு ஆவாது."

"உமக்கு ஆவாது. எனக்கு ஆவும்."

உள்ளே ஜெபிஷா ஏதோ ஒரு குழாயைத் திருகினாள் போல. சாரின் குரல் உயர்ந்தது. "வருது... வந்துடுச்சு. அதே ரெட்டை. அதே இடம்." அப்புறம் ஜெபிஷாவைக் கேட்டார். "என்ன காஸ் விட்ட?"

"சட்டை சார்."

"யாரோட சட்டை?"

"வேதமணி அண்ணனோடது. பானைக்குள்ள அதுதான் இருந்துது."

நான் டப்பாவில் இறுக நின்றுகொண்டேன். வேலை போகும் என்றால் இப்போதுதான் போக வேண்டும். சார் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. உட்காருகிற சத்தமும் கேட்டது.

"அந்த ஆளு உயிரோட இருந்தப்பவும் நான் சொன்ன எதையும் கேட்டதில்ல" என்றார். பிறகு, "ஒரு வாரம் நான் அவனைப் பார்த்துத்தான் பூரிச்சிருக்கேன்" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை. "அந்தக் கட்டுரையைக் கிழிச்சுப் போடு. சொர்ணபாய் எங்க?"

"வெளிய. குழாய்க்குக் கீழ நிக்காவ."

"எந்தக் குழாய்க்கு?"

அவள் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. மெதுவாகச் சொல்லியிருப்பாள். அவர் ஜன்னல் பக்கம் வரவும் இல்லை. பம்பை நிறுத்துகிற கைப்பிடி கிரீச்சிட்டது. உடனே அவர் அதட்டுவது கேட்டது.

"நிறுத்தாதே. ஓடட்டும் விடு. அவங்க வரட்டும்."

செல்லையன் ஒன்றும் புரியாமல், நான் நனைகிறேன் என்று, குடையை என் தலைக்கு நேரே உயர்த்திப் பிடித்தார்.

"கொஞ்சம் தள்ளிப் பிடியும்வே" என்றேன். "வாசம் அந்தப் பக்கம் போவுது."